மூத்திரப்பைக் கட்டி: கம்பியா, சலைன் மிஷினா, லேசரா? நைனாவுக்கு எதைப் பண்றது?

காசிமேடு_பையன் | புதன், இரவு 10.40

அல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், மன்னிச்சிக்கோங்க.

நைனாவுக்கு 67. ஹார்பர்ல மூட்டை தூக்கி ரிட்டயர் ஆனவரு. பீடிய விட்டு ரெண்டு வருசம்தான் ஆவுது. ஆடி மாசம் ஒரு நாள் ஒண்ணுக்குப் போனா கோலா கலர்ல வந்திருக்கு. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. ‘சூடு’ன்னு சொல்லி இளநியும் நீராகாரமுமா குடிச்சாரு, ரெண்டே நாள்ல நின்னு போச்சு. நாங்களும் மறந்துட்டோம். விநாயகர் சதுர்த்திக்கு முன்னாடி மறுபடி, இந்த வாட்டி கட்டி கட்டியா ரத்தம். ஸ்கேன்ல இடது பக்கச் சுவத்துல 2.3 செ.மீ. கட்டின்னு வந்திருக்கு.

கவர்மென்ட் ஆஸ்பத்திரில காட்டினோம். மூத்திர வழியாவே குழாய் விட்டு சுரண்டி எடுத்துடலாம், அட்மிஷன் போடுங்கன்னாங்க. என்ன மிஷின்னு கேட்டதுக்கு, ‘கரண்ட்தான்பா, பைபோலார் இருக்கு, அது ரிப்பேர்னா மோனோபோலார்’னு சிரிச்சிக்கினே சொன்னாரு ஒரு டாக்டர். சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி பிரைவேட்லயும் கேட்டோம். அங்க லேசர், ஒரே துண்டா எடுத்துடுவோம், ரத்தமே வராது, திரும்பி வராதுன்னாங்க. செலவு கேட்டா தலை சுத்துது. காப்பீட்டு அட்டை அங்க செல்லாதாம்.

அம்மா தாலிச் செயின அடகு வெக்கலாம்னு நிக்குது. நைனாவுக்கு நாலு வருசம் முன்ன ஸ்டென்ட் வெச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறாரு. யாராவது இதுல அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. லேசர் உண்மையாவே அவ்ளோ ஒசத்தியா?

லோகோ_ரிட்டயர்டு | புதன், இரவு 11.15

தம்பி, யோசிக்காதீங்க, லேசரே பண்ணிடுங்க. எனக்குப் போன வருஷம் பண்ணாங்க. மறுநாள் டியூப் எடுத்தாச்சு, மூணாம் நாள் பெரம்பூர் மார்க்கெட்டுக்கு நடந்தே போனேன். பழைய கரண்ட் முறையெல்லாம் நம்ம லோகோ ஷெட் நீராவி இன்ஜின் மாதிரி. ஓடும், ஆனா யாரு இப்ப ஓட்டுறா?

பேட்டை_தியேட்டர் | வியாழன், காலை 6.05

நைட் டூட்டி முடிச்சிட்டு எழுதுறேன். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், 16 வருஷமா யூராலஜி டேபிள் பக்கத்துலதான் நிக்கிறேன். டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா மிஷின் பத்தி என்கிட்ட கேக்கலாம்.

மோனோபோலார்னா, கம்பி வளையம் ஒண்ணு, அதுல கரண்ட். வளையம் கட்டியை வெட்டும், அந்தக் கரண்ட் நோயாளியோட உடம்புக்குள்ள பூந்து போயி தொடையில ஒட்டியிருக்கிற பிளேட் வழியா மிஷினுக்குத் திரும்பணும். பிளேட் சரியா ஒட்டலைன்னா அந்த இடம் வெந்துடும். அதனாலதான் நாங்க தொடை முடியைச் சிரைச்சு, ஈரம் தொடச்சு, நாலு தடவை அமுக்கிப் பாக்குறது. பேஷன்ட்டுங்க ‘என்னடா இவன் தொடையைத் தடவுறான்’னு பாப்பாங்க.

இந்த முறைல உள்ள விடுற தண்ணி கரண்ட்டைக் கடத்தாத தண்ணியா இருக்கணும். சலைன் விட்டா கரண்ட் தண்ணியிலயே பரவிப் போயிடும், வளையம் வெட்டாது. அதனால கிளைசின் 1.5%, சில இடத்துல வெறும் ஸ்டெரைல் வாட்டர். இது அளவுக்கு மீறி ரத்தத்துல கலந்தா சோடியம் சரசரன்னு இறங்கும். வாந்தி, உளறல், கண் மங்கல். பிராஸ்டேட் ஆபரேஷன்ல இதுக்கு ரொம்ப பயப்படுவோம். மூத்திரப்பைக் கட்டியில அபூர்வம், ஆனா பையில ஓட்டை விழுந்தா தண்ணி வெளிய தேங்கி உறிஞ்சிக்கும், அப்ப வரலாம்.

பைபோலார்ல போற கரண்ட்டும் திரும்புற கரண்ட்டும் கருவியோட முனையிலயே முடிஞ்சுடும். உடம்பு வழியா ஊர் சுத்தாது. சாதா சலைன்லயே வேலை நடக்கும், சோடியம் பயம் இல்ல. பேஸ்மேக்கர் வெச்சவங்களுக்கு இதைத்தான் விரும்புவாங்க. வளையம்தான் விலை ஜாஸ்தி.

லேசர்ல கரண்ட்டே உடம்புக்குள்ள போகாது. ஹோல்மியம், தூலியம்னு ரெண்டு வகை. ரெண்டோட ஒளியையும் தண்ணி உடனே உறிஞ்சிக்கும், அதனால அரை மில்லிமீட்டர் கூட ஆழம் போகாது. முடி மாதிரி ஃபைபர், எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கணும், வாசல்ல போர்டு தொங்கவிடணும். ஃபைபர் விலைதான் உங்க பில்லுல ஏறும்.

தம்பி, உங்க நைனாவுக்குக் கட்டி இடது பக்கச் சுவர்லன்னு சொன்னீங்க. அங்கதான் விஷயமே இருக்கு. தூங்கி எந்திரிச்சு எழுதுறேன்.

காசிமேடு_பையன் | வியாழன், காலை 7.30

அண்ணே, இப்படி பாதில வுட்டுட்டுப் போனா எப்படிண்ணே. பக்கச் சுவர்னா இன்னா ஆவும்?

யூரோ_பிஜி | வியாழன், மதியம் 1.20

அண்ணன் தூங்கட்டும், நான் சொல்றேன். யூராலஜி மேற்படிப்பு படிக்கிறேன், சாப்பாட்டு நேரத்துல டைப் பண்றேன்.

மூத்திரப்பையோட பக்கச் சுவரை ஒட்டினாப்ல அப்டுரேட்டர்னு ஒரு நரம்பு போகுது. தொடையை உள்பக்கம் இழுக்கிற தசைக்கு அதுதான் கட்டளை. பக்கச் சுவர்ல கரண்ட் வெச்சு வெட்டும்போது அந்த நரம்பு தூண்டப்பட்டா கால் சடார்னு உள்ள உதைக்கும். அந்த நேரம் வளையம் உள்ள இருக்கு, சுவரோ பை நிறைஞ்சிருக்கிறப்ப சில மில்லிமீட்டர்தான். ஒரு உதையில பொத்துக்கும்.

முதுகுல ஊசி போட்டுட்டா கால் மரத்துடுமே, அப்புறம் எப்படி உதைக்கும்னு கேப்பீங்க. முதுகு ஊசி தண்டுவடத்துக்கிட்ட மறிக்குது. கரண்ட் தூண்டுறது அதுக்குக் கீழ, நரம்பு போற பாதையில. அதனால முதுகு ஊசி மட்டும் போதாது. வழி ரெண்டு. முழு மயக்கம் கொடுத்து தசையைத் தளர்த்துற மருந்து போடலாம். இல்லேன்னா முதுகு ஊசியோட அந்த நரம்புக்கே தொடை இடுக்குல தனியா மரப்பு ஊசி போடலாம். பைபோலார்னா உதைக்கவே உதைக்காதுன்னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க, நம்பாதீங்க. நான் பைபோலார்ல உதை வாங்கிப் பாத்திருக்கேன். லேசர்ல இந்தத் தொல்லை கிடையாது, அது உண்மை. அந்த ஒரு விஷயத்துல பெரம்பூர் சார் பக்கம்தான் நானும்.

ஆனா ‘திரும்பி வராது’ன்னு யாரு சொன்னாலும் அங்கேர்ந்து எழுந்து வந்துடுங்க. இந்த நோயோட குணமே திரும்பி வர்றதுதான். எந்த மிஷினும் அந்த உத்தரவாதம் தர முடியாது.

மூலிகை_வேந்தன் | வியாழன், மதியம் 2.02

ஆபரேஷனே வேண்டாம். சிறுபீளை, நெருஞ்சி முள், மாவிலங்கப்பட்டை மூன்றையும் கஷாயம் வைத்து 48 நாள்…

மட்டுறுத்துநர் | வியாழன், மதியம் 2.30

மேலே உள்ள பதிவின் மிச்சம் நீக்கப்பட்டது. கல்லடைப்புக்குத் தனி இழை இருக்கிறது, கஷாயத்தை அங்கே பேசலாம். ரத்தம் போகிறவரிடம் 48 நாள் பொறு என்று இங்கே யாரும் எழுதக் கூடாது.

ஸ்லைடு_பாக்கும்_அக்கா | வியாழன், மாலை 5.45

எல்லாரும் வெட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. வெட்டினது எங்க வந்து சேருதுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? என் மேஜைக்கு. நான் நோய்க்கூறு பிரிவுல இருக்கேன்.

வழக்கமான முறையில கட்டியைத் துண்டு துண்டா சீவி எடுப்பாங்க. ஒரு டப்பா நிறைய சின்னச் சின்ன சீவல் வரும். எது மேல் பக்கம், எது வேர் பக்கம், தெரியாது. ஓரமெல்லாம் கருகியிருக்கும். கருகின திசுல செல் எல்லாம் இழுபட்டு நூல் மாதிரி கிடக்கும், புற்றா வெறும் சூடான்னே சொல்ல முடியாது. சில நாள் கண்ணு நோவ பாத்துட்டு ‘தசை காணப்படவில்லை’ன்னு எழுதி அனுப்புவேன். அந்த ரெண்டு வார்த்தையால ஒரு குடும்பம் மறுபடி தியேட்டருக்குப் போகும்னு எனக்குத் தெரியும்.

ஏன்னா எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: கட்டி உள் தோலோட நிக்குதா, அதுக்குக் கீழ இருக்கிற மெல்லிய அடுக்குக்குள்ள போயிருக்கா, இல்ல தசைக்குள்ளயே இறங்கிடுச்சா. தசைக்குள்ள போகாத வரைக்கும் பையைக் காப்பாத்தலாம். தசைக்குள்ள போயிருந்தா பெரும்பாலும் பையையே எடுக்கிற பேச்சு வரும். துண்டுல தசையே இல்லேன்னா நான் எதை வெச்சு சொல்றது?

ஒரே துண்டா எடுக்கிறதை ‘என் பிளாக்’னு சொல்றாங்க. கட்டியைச் சுத்தி வட்டம் போட்டு, அடியில தசையோட பேத்து எடுக்கிறது. அப்படி வந்தா அட்டையில குத்தி வெச்சு, நேரா நறுக்கி, வேர் எதுவரைக்கும் போயிருக்குன்னு படம் மாதிரி பாக்கலாம். கோரைப் புல்லை மண்ணோட பேத்து எடுக்கிறதுக்கும், மேலாப்ல அறுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

காசிமேடு_பையன் | வியாழன், இரவு 8.10

அக்கா, நம்ம பாஷைல சொன்னா ஒண்ணு கைமா, இன்னொண்ணு முழு மீனு. புரிஞ்சிது. அப்போ ஒரே துண்டுன்னா லேசர்தானே? செயின் அடகுக்குப் போவுது.

யூரோ_பிஜி | வியாழன், இரவு 9.55

நில்லுங்க நில்லுங்க! இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஒரே துண்டா எடுக்கிறது ஒரு *முறை*. லேசர் ஒரு *சக்தி*. ரெண்டும் ஒண்ணு இல்ல. பிரைவேட்ல ரெண்டையும் ஒரே பொட்டலமா கட்டி விக்கிறதால நமக்கு ஒண்ணா தெரியுது. மோனோபோலார் வளையத்தாலயும் ஒரே துண்டா எடுக்கலாம், பைபோலார்லயும் எடுக்கலாம், லேசர்லயும் எடுக்கலாம்.

2024-ல ஹாங்காங்லேர்ந்து பல ஆஸ்பத்திரி சேர்ந்து ஒரு ஆய்வு வந்துச்சு. 3 செ.மீ.க்கு மேல போகாத கட்டிகள். சீட்டுக் குலுக்கின மாதிரி பிரிச்சு ஒரு பாதிக்கு ஒரே துண்டு, மறு பாதிக்கு வழக்கமான சீவல். ஒரு வருஷத்துல திரும்பி வந்தது ஒரே துண்டுல ஏறக்குறைய 29%, சீவல்ல 38%. கவனிங்க, அதுல ஒரே துண்டா எடுத்தது லேசரால இல்ல, பைபோலார் கரண்ட்டால.

இன்னொண்ணும் கவனிங்க. நல்ல கையில, நல்ல முறையில பண்ணியும் 29%. ‘திரும்பி வராது’ன்னு சொன்னவரைத் திரும்ப ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

மோனோபோலார், பைபோலார் ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பண்ண ஆய்வுகள் நிறைய இருக்கு. ஒண்ணு பைபோலார் நல்லதுங்குது, இன்னொண்ணு வித்தியாசமே இல்லைங்குது. கால் உதைக்கிற விஷயத்துலயும் அப்படித்தான், கருகல் விஷயத்துலயும் அப்படித்தான். சலைன்ல பண்ணலாம்ங்கிறதுதான் பைபோலாரோட மறுக்க முடியாத லாபம்.

லோகோ_ரிட்டயர்டு | வியாழன், இரவு 10.20

டாக்டர் தம்பி, ஆய்வு கீய்வெல்லாம் சரி. எனக்கும் ஸ்டென்ட் இருக்கு. ரத்தம் உறையாத மாத்திரையோடயே லேசர் பண்ணாங்க, ஒரு பாட்டில் ரத்தம் கூட ஏத்தல. இதுக்கு என்ன பதில்?

யூரோ_பிஜி | வியாழன், இரவு 10.48

நியாயமான கேள்வி சார். ரத்தம் உறையாத மருந்து நிறுத்த முடியாதவங்களுக்கு லேசர் ஒரு நல்ல காரணம், ஒத்துக்கிறேன். ஆனா எந்த மாத்திரைன்னு பாக்கணும். ஆஸ்பிரின் மட்டும்னா பல இடத்துல நிறுத்தாமலே கரண்ட்லயும் பண்றாங்க. குளோபிடோக்ரெல்னா இதய டாக்டர்கிட்ட எழுத்துல வாங்கணும். காசிமேடு தம்பி, நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் அடைச்சிக்கும். சீட்டைப் பாத்து என்ன மாத்திரைன்னு சொல்லுங்க.

லேசர்லயும் சங்கடம் இருக்கு. பையோட மேல் கூரையில, முன் சுவர்ல கட்டி இருந்தா நேராப் போற ஃபைபரை அங்க திருப்புறது கஷ்டம். அப்புறம், பெரிய கட்டியை எதால அறுத்தாலும் ஒரே துண்டா வெளிய எடுக்கணுமே? நாங்க விடுற குழாயே 26 ஃப்ரெஞ்ச், அதாவது 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. கட்டி கொழகொழன்னு இருந்தா நசுங்கி வந்துடும். இல்லேன்னா உள்ளயே ரெண்டா வெட்டித்தான் எடுக்கணும். 3 செ.மீ.ங்கிற எல்லை அதனாலதான்.

காசிமேடு_பையன் | வியாழன், இரவு 11.05

ஆஸ்பிரின் மட்டும்தான் சார். மஞ்ச அட்டை.

பேட்டை_தியேட்டர் | வெள்ளி, காலை 6.20

டாக்டர் தம்பி நரம்பு விஷயத்தைச் சொல்லிட்டாரு, நல்லது. நான் ஒரு சின்னக் கதை. திசு எரியிறப்ப உள்ள வாயு உண்டாகும், அதுல ஹைட்ரஜனும் உண்டு. அது குமிழா மேல கூரையில போயி நிக்கும். தண்ணி மாத்துறப்ப வெளிக்காத்து கொஞ்சம் உள்ள போயிடுச்சுன்னா ஆக்ஸிஜனும் சேந்துடும். அந்தக் குமிழுக்குள்ள கம்பியை வெச்சு நீலப் பெடலை மிதிச்சா ‘டப்’. நான் ஒரே ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டிருக்கேன், அதிர்ஷ்டவசமா பைக்கு ஒண்ணும் ஆகல. அன்னிலேர்ந்து கூரைக் கட்டின்னா நானே வாயைத் திறந்து ‘சார், காத்து எடுத்துடலாமா’ன்னு கேட்டுடுவேன். மஞ்சள் பெடல் வெட்ட, நீலம் ரத்தத்தை அடைக்க. இதெல்லாம் எந்த விளம்பரத்துலயும் வராது.

திருவொற்றியூர்_ஆறுதடவை | வெள்ளி, காலை 9.00

பேரைப் பாத்தாலே தெரியும். ஒன்பது வருஷத்துல ஆறு தடவை தியேட்டருக்குப் போயிட்டு வந்தவன். ஒவ்வொரு தடவையும் தேரடியில ஒரு தேங்காய்.

முதல் ரெண்டும் பழைய மோனோபோலார். ரெண்டாவதுல கால் உதைச்சு ஓட்டை விழுந்துச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், மயக்கம் கொடுத்தவர் அன்னைக்கு அவசரத்துல இருந்தாரு. வயித்தைக் கிழிக்கல. ஓட்டை குடல் இருக்கிற பக்கம் போகல, அதனால டியூபை மட்டும் கூட ஒரு வாரம் வெச்சு விட்டாங்க, தானா மூடிக்கிச்சு. ஆனா முதல் நாளே பைக்குள்ள விட வேண்டிய கீமோ மருந்தை, மைட்டோமைசின், அதனால விட முடியல. ஓட்டை இருந்தா மருந்து வெளிய கசிஞ்சு வெந்துடுமாம். எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்னு பின்னாடி புரிஞ்சிது. அடுத்த ஏழே மாசத்துல திரும்பி வந்துச்சு.

மூணு, நாலு, ஆறு பைபோலார். அஞ்சாவது ஒரு சின்ன மிளகு அளவு கட்டி, அதை ஜெல் மட்டும் போட்டு, முழிச்சிருக்கும்போதே லேசரால சுட்டாங்க. அரை மணி நேரம். அப்படிச் சுட்டது ஆவியாப் போயிடும், அக்கா மேஜைக்கு ஒண்ணும் போகாது. ஏற்கெனவே தெரிஞ்ச சாந்தமான கட்டிக்குத்தான் அது சரி.

தம்பி, நான் கேட்டுட்டு வரச் சொல்றது மிஷின் பேரை இல்ல. அந்த டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க: கட்டி பக்கச் சுவர்ல இருக்கே, நரம்புக்கு ஊசி போடுவீங்களா? அடியில தசை எடுத்து அனுப்புவீங்களா? ஒரே துண்டா எடுக்க முடியுமான்னு பாப்பீங்களா? அன்னைக்கே மருந்து விடுவீங்களா? இந்த நாலுக்கும் நின்னு பதில் சொல்றவரு கையில எந்தக் கம்பி இருந்தாலும் படுத்துக்கலாம்.

மணலி_மூணாம்_ஷிப்ட் | வெள்ளி, மாலை 4.15

குறுக்க வரேன், மன்னிக்கணும். சாயம், ரப்பர் வேலைல இருந்தா இது வரும்னு எங்க பிளான்ட்ல ஒரு பெருசு சொல்லுவாரு. உண்மையா? எங்கப்பா வண்ணாரப்பேட்டை சாயப்பட்டறையில இருந்தவரு.

யூரோ_பிஜி | வெள்ளி, இரவு 9.30

உங்க பெருசு சரியாத்தான் சொல்லியிருக்காரு. 1895-லயே ஜெர்மனியில லுட்விக் ரேன்னு ஒரு சர்ஜன், சாயத் தொழிற்சாலை ஆளுங்களுக்கு இந்தக் கட்டி வர்றதைக் கவனிச்சு எழுதினாரு. பின்னாடி பென்சிடின், பீட்டா நாப்தைல்அமீன் மாதிரி வேதிப்பொருள்தான் காரணம்னு தெரிஞ்சிது. வேலையை விட்டு இருபது முப்பது வருஷம் கழிச்சுக்கூட வரலாம். ஆனா எண்ணிக்கையில முதல் இடம் புகைக்குத்தான். பீடியில இருக்கிறதும் அதே குடும்பத்து விஷம், ரத்தத்துல கலந்து சிறுநீர்ல வடிகட்டி பைக்குள்ள மணிக்கணக்கா ஊறும். அப்பாவுக்கு ஒரு தடவை ரத்தம் தெரிஞ்சாலும், வலி இல்லாட்டியும், காட்டிடுங்க.

ஒரு சுவாரசியம்: உயர் அதிர்வெண் கரண்ட்டால மூத்திரப்பைக் கட்டியை உள்ளயிருந்தே சுடலாம்னு 1910-ல எட்வின் பீர்னு நியூயார்க் டாக்டர் முதல்ல காட்டினாரு. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் வயித்தைத் திறக்கணும். பெரம்பூர் சாரோட ‘நீராவி இன்ஜின்’ பொறந்த கதை அது.

லோகோ_ரிட்டயர்டு | வெள்ளி, இரவு 9.41

நீராவி இன்ஜினைக் குறை சொல்லல தம்பி. அதுல சோறு தின்னவன்தான் நான்.

காசிமேடு_பையன் | 11 நாள் கழித்து, செவ்வாய், இரவு 7.50

பெரியவர் எழுதின நாலு கேள்வியையும் சீட்டுல எழுதி எடுத்துனு போனேன். பிரைவேட்ல கேட்டதுக்கு ‘அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார், முன்பணம் கட்டுங்க’ன்னாங்க. கவர்மென்ட்ல அந்த சிரிச்ச டாக்டர் சீட்டை வாங்கிப் படிச்சிட்டு, ‘யாருப்பா உனக்கு டியூஷன் எடுத்தது’ன்னு கேட்டுட்டு, பக்கத்துல மயக்க டாக்டரைக் கூப்ட்டு நரம்பு ஊசி போடணும்னு கேஸ் ஷீட்லயே எழுதினாரு.

நேத்து பண்ணிட்டாங்க. பைபோலார், சலைன். அடியோட ஒரே துண்டா வந்திச்சாம், ஓரத்துல மட்டும் தனியா ரெண்டு சீவல் எடுத்தாங்களாம். கால் உதைக்கல. சாயங்காலமே மருந்து விட்டு ஒரு மணி நேரம் டியூபை கிளிப் போட்டு வெச்சாங்க. மூணு வழி டியூப்ல சலைன் ஓடிக்கினே இருக்கு. காலைல ரோஸ்மில்க் கலர், இப்ப டீத்தண்ணி மாதிரி. நைனா கஞ்சி குடிச்சாரு, ‘பீடி இல்லாட்டியும் பரவால்ல, டியூபை எடுக்கச் சொல்லு’ங்கிறாரு.

செயின் அம்மா கழுத்துலயே கீது.

பேட்டை_தியேட்டர் | செவ்வாய், இரவு 8.30

சலைன் பாட்டில் காலியாகாம பாத்துக்கோங்க. காலியானா ரத்தக் கட்டி டியூபை அடைச்சிக்கும். நர்சைக் கூப்பிட வெக்கப்படாதீங்க.

காசிமேடு_பையன் | 9 நாள் கழித்து, வியாழன், மதியம் 12.15

ரிப்போர்ட் வந்துச்சு. டி1, ஹை கிரேடாம். தசை இருக்கு, தசைக்குள்ள பரவலன்னு எழுதியிருக்கு. நல்ல சேதின்னு நினைச்சா, நாலு வாரத்துல *மறுபடி* உள்ள போயி அதே இடத்துல சுரண்டணுமாம்! இன்னா சார் இது? ஒரே துண்டா வந்திச்சு, தசை இருக்கு, அப்பால எதுக்கு? லேசர் பண்ணியிருந்தா ஒரே தடவைல முடிஞ்சிருக்குமா? அம்மா ராத்திரி பூரா தூங்கல. என்னைத்தான் திட்டுது.

லோகோ_ரிட்டயர்டு | வியாழன், மதியம் 12.40

நான் ஒண்ணும் சொல்லல தம்பி. ஆனா மனசுல நினைச்சேன்.

ஸ்லைடு_பாக்கும்_அக்கா | வியாழன், மாலை 6.00

டி1னா உள் தோலைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள்ள கால் வெச்சிருக்கு, தசையைத் தொடல. ஹை கிரேடுன்னா செல்லோட குணம் முரடு. இந்த ரெண்டும் சேந்தா லேசரோ கம்பியோ, மறுபடி ஒரு தடவை பாக்கிறது வழக்கம். உங்கம்மாகிட்ட சொல்லுங்க, நீங்க தப்பு பண்ணல. ‘தசை காணப்படவில்லை’ன்னு வந்திருந்தாத்தான் நான் உங்க மேல வருத்தப்பட்டிருப்பேன்.

யூரோ_பிஜி | வியாழன், இரவு 10.10

அக்கா சொன்னதே. ரெண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள்ள மறு சோதனை வெட்டு. முதல்ல டி1னு வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்காவது மிச்சம் இருந்ததா பழைய ஆய்வுகள்ல இருக்கு, சிலருக்கு தசைக்குள்ளயே போயிருந்தது அப்பதான் தெரிய வந்திருக்கு. பெரம்பூர் சாருக்காக ஒண்ணு ஒத்துக்கிறேன்: ஒரே துண்டா சுத்தமா எடுத்தவங்களுக்கு இந்த ரெண்டாவது தடவையைத் தவிர்க்கலாமான்னு உலகம் பூரா விவாதம் நடக்குது. இன்னும் முடிவாகல. முடிவாகாத விஷயத்துல என் அப்பாவா இருந்தா நான் ரெண்டாவது தடவை படுக்க வைப்பேன்.

திருவொற்றியூர்_ஆறுதடவை | வெள்ளி, காலை 5.50

அம்மாகிட்ட நான் பேசுறேன்னு சொல்லுங்க. ஆறு தடவை போனவன் இன்னும் மெரினா வரைக்கும் பஸ்ல நின்னுட்டே போறேன்.

காசிமேடு_பையன் | 6 வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.30

ரெண்டாவது தடவையும் முடிஞ்சிது. தழும்பு மட்டும்தான், கட்டி இல்லன்னு ரிப்போர்ட். வர்ற புதன்லேர்ந்து பிசிஜி மருந்து, வாரத்துக்கு ஒண்ணா ஆறு வாரம் பைக்குள்ள விடப் போறாங்க. குழந்தைக்குக் கையில போடுற டிபி ஊசியேதான், ஆனா டோஸ் வேறயாம். நைனா ‘கைக்குழந்தை ஊசிய எனக்கா’ன்னு கேட்டு சிரிக்கிறாரு.

ஒரே ஒரு டவுட்டு. அது உயிரோட இருக்கிற கிருமியாமே, நாங்க ஏழு பேரு ஒரே பாத்ரூம். பேத்தி வேற தவழுது. இன்னா பண்றது?

திருவொற்றியூர்_ஆறுதடவை | ஞாயிறு, காலை 11.05

பயப்படாதீங்க, நான் ரெண்டு பெட்ரூம் வீட்டுல இருந்துட்டே முடிச்சேன். மருந்தை ரெண்டு மணி நேரம் உள்ள அடக்கணும். அதுக்கப்புறம் ஆறு மணி நேரத்துக்கு எப்ப போனாலும் உக்காந்துதான் போகணும், நின்னா தெறிக்கும். போனதும் உடனே தண்ணி ஊத்தக் கூடாது. ப்ளீச்சிங் லிக்விட் ரெண்டு கப் கக்கூஸ்ல ஊத்தி, கால் மணி நேரம் விட்டு அப்புறம் ஊத்துங்க. கையை சோப்பு போட்டு கழுவச் சொல்லுங்க. பேத்தியைத் தூக்கலாம், ஒண்ணும் ஆகாது. காய்ச்சல் ஜாஸ்தியா குளிர் நடுக்கத்தோட வந்தாலோ, விடாம நின்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

புதன்கிழமை காலைல டீ, காபி குறைச்சுக் குடிக்கச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் அடக்கிறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே!